ஒரு வீட்டுக்கு ஒரு மட்டை

அண்ணனும் தம்பியும் அடுப்பைப் பிரித்துக்கொண்டார்கள். மின்சார மீட்டரைப் பிரித்துக்கொண்டார்கள். மாடிப்படிக்கு அடியில் செருப்பு விடும் இடத்தைக்கூட உனக்கு இடது, எனக்கு வலது என்று பிரித்துக்கொண்டார்கள். கதவிலக்கத்தை மட்டும் பிரிக்கவில்லை. பிரித்தால் வீட்டுவரி ஏறிவிடும் என்று யாரோ சொல்ல, சரி, அது கிடக்கட்டும் என்று விட்டுவிட்டார்கள். அந்தச் சிக்கனம் ஒருநாள் இப்படி வந்து கழுத்தைப் பிடிக்கும் என்று அப்போது யாருக்குத் தெரியும்?

மாடியில் அண்ணன் குடும்பம். அவர் லாரி ஓட்டுபவர்; வாரத்தில் பாதி நாள் வீட்டில் இருக்கமாட்டார். அவர் மனைவி வங்கியில் பணம் வாங்கும் கவுண்ட்டரில் உட்காருபவள். வீட்டில் அவளுக்குப் பெரியவள் என்று பெயர். கீழ்த்தளத்தில் தம்பி குடும்பம். தம்பி பஸ் பணிமனையில் மெக்கானிக். அவன் மனைவி சின்னவள், பக்கத்துத் தெருச் சலவைக்கடையில் இஸ்திரி போடுகிறாள். ஓரகத்திகள் இருவருக்கும் ஆளுக்கொரு பெண். மாடிவீட்டுப் பெண் தண்ணீரை விட்டு வெளியே வராததால் தவளை. கீழ்வீட்டுப் பெண் பள்ளி பேண்டில் கிளாரினெட் ஊதுவதால் பீப்பி. சொந்தப் பெயர் பள்ளி வருகைப்பதிவில் மட்டும்தான்.

ஊரிலுள்ள பள்ளிகளின் வரவு செலவைப் பார்த்துக்கொள்ள ஒரு குழு உண்டு. மருந்துக்கடைக்காரர்தான் அதற்குத் தலைவர். அந்த வருடம் பள்ளிக் கூரைகள் ஒன்றன்பின் ஒன்றாக ஒழுகத் தொடங்க, இருந்த பணத்தையெல்லாம் கூரை விழுங்கிவிட்டது. மிச்சமிருப்பதில் நீச்சல்குளம், பேண்டு இரண்டில் ஒன்றைத்தான் முன்போல இலவசமாக நடத்த முடியும். மற்றதில் சேரும் பிள்ளைகளுக்குப் பெற்றோர் தனிக் கட்டணம் கட்டவேண்டும். எதற்குக் கட்டணம் என்பதை ஊரே கூடி முடிவு செய்யட்டும் என்று குழு அறிவித்தது. கதவிலக்கம் ஒன்றுக்குக் கைப்பிடி வைத்த ஒரு மட்டை. அதன் ஒரு பக்கம் நீலம், குளத்துக்கு. மறுபக்கம் மஞ்சள், பேண்டுக்கு. கூட்டத்தில் எந்தப் பக்கத்தைக் காட்டுகிறீர்களோ அதுதான் உங்கள் வீட்டின் வாக்கு.

ஆக, மாடியில் ஒரு நீலம், கீழே ஒரு மஞ்சள், நடுவில் ஒரே மட்டை.

பீப்பி பேண்டில் தொடரவேண்டும் என்ற ஆசை சின்னவளுக்கு இருந்தது. இல்லையென்று சொல்ல முடியாது. கட்டணம் என்று வந்தால் கிளாரினெட்டைத் துடைத்துப் பெட்டியில் வைத்துத் திருப்பிக் கொடுக்கவேண்டியதுதான். வீட்டு நிலைமை அப்படி. ஆனால் நெஞ்சைத் தொட்டுச் சொல்லச் சொன்னால், பேண்டு பிழைக்கவேண்டும் என்பதைவிடக் குளம் தோற்கவேண்டும் என்ற நினைப்புதான் அவளுக்கு இனித்தது.

அது ஒரே நாளில் வந்த எரிச்சல் இல்லை. மாடிப்படிச் சுவர் பொதுச்சுவர். அதில் தவளை பதக்கம் வாங்கும் படங்கள் ஒவ்வொன்றாக ஏறின. முதல் படம் மாடிக் கதவுக்குப் பக்கத்தில் இருந்தது. அடுத்தது இரண்டு படி கீழே. இப்படியே இறங்கி இறங்கி, இப்போது சின்னவள் வீட்டுக் கதவுக்கு எதிரே ஈரத்தலையோடு சிரித்துக்கொண்டிருந்தாள் தவளை. காலையில் கதவைத் திறந்தால் முதல் முழிப்பு அந்தப் பல்வரிசையில்தான். சாயங்காலம் மாடிக் கொடியில் காயும் துண்டிலிருந்து சொட்டும் தண்ணீர், சரியாகச் சின்னவளின் மிளகாய்த் தொட்டியில் விழும். குளத்து மருந்தின் வாடை வீடு முழுக்க இருக்கிறது என்பாள் அவள். "எனக்கு ஒண்ணும் வரலையே," என்பான் கணவன். உன் மூக்கு கிரீஸ் டப்பாவுக்குள் இருக்கிறது, உனக்கெப்படி வரும் என்று திருப்பிக் கேட்பாள்.

பேண்டு நிகழ்ச்சிக்கும் அவள் போனதுண்டு. பீப்பி மூன்றாம் வரிசையில் இருப்பாள். முன்வரிசைக்காரர்கள் மேலும் கீழும் ஓடி ஊதிக்கொண்டிருக்க, இவள் ஒரே சுரத்தைக் கன்னம் உப்பப் பிடித்துக்கொண்டிருப்பாள். அது இல்லாவிட்டால் பாட்டு நிற்காது என்று வாத்தியார் சொன்னார். இருக்கலாம். ஆனால் நிற்கவைப்பதற்கு யாரும் பதக்கம் கொடுப்பதில்லை. கடைக்கு வருகிறவர்கள் "நீங்க தவளையோட சித்திதானே?" என்றுதான் கேட்டார்கள். "பீப்பியோட அம்மாவா?" என்று ஒருவர் கேட்டதில்லை.

கூட்ட அறிவிப்பு வந்த வாரத்தில் முட்டைக்கடைக்காரர் கடைக்கு வந்தார். முட்டை வியாபாரம் செய்தாலும் வெள்ளைச் சட்டைதான் போடுவார். அதனால் சலவைக்கடைக்கு நல்ல வாடிக்கை.

"என்னம்மா, உங்க வீட்ல நீலம்தானே? வீட்டுக்குள்ளயே சாம்பியன் இருக்கு."

சின்னவள் காலரை விரித்துப் போட்டு, நுனியிலிருந்து நடுவை நோக்கி இஸ்திரிப்பெட்டியை ஓட்டினாள். நடுவிலிருந்து நுனிக்கு ஓட்டினால் முனையில் சுருக்கம் தங்கிவிடும்.

"எங்க வீட்ல என்ன கலர்னு எங்களுக்கே இன்னும் தெரியாதுண்ணே. ஆனா ஒண்ணு கேக்கறேன். பேண்டுல எத்தனை புள்ளைங்க, குளத்துல எத்தனை புள்ளைங்க? அந்தத் தண்ணிய சூடு பண்ற செலவு இருக்கே, அதுல ஊருக்கே காபி போட்டுக் குடுக்கலாம்."

"அட, ஆமாம்ல!"

"நம்ம வீட்ல வெந்நீர் போட நாம யோசிக்கறோம். ஒரு புள்ள மெடல் வாங்க, ஊரே சேர்ந்து வெந்நீர் காய்ச்சணுமா?"

முட்டைக்கடைக்காரர் சிரித்த சிரிப்பில், பின்பக்கம் துணி பிரித்துக்கொண்டிருந்த பையன்கள் எட்டிப் பார்த்தார்கள். தான் சொன்னதற்கு ஒருவர் இப்படிச் சிரித்து எவ்வளவு நாளாயிற்று! சின்னவளுக்கு அது பிடித்திருந்தது. நீராவி விடும் மிதியைக் காலால் அழுத்தினாள். சட்டை புஸ்ஸென்று மூச்சுவிட்டது.

அன்றிலிருந்து கையில் ஒரு துணி, வாயில் ஒரு வெந்நீர் என்று ஆயிற்று. கோட்டு கொண்டுவந்தவரிடம் சொன்னாள், திரைச்சீலை கொண்டுவந்தவளிடம் சொன்னாள். சொல்லச் சொல்லப் பேச்சு மெருகேறியது. சிரிப்பு குறையும்போதெல்லாம் அவள் இன்னும் கொஞ்சம் சேர்த்தாள். அப்படிச் சேர்த்ததில் ஒன்றுதான் கட்டைவிரல்.

அது வீட்டுக்குள் மட்டும் தெரிந்த சங்கதி. போட்டிக்கு முந்தின நாள் தவளைக்குப் பயம் வந்துவிடும். சாப்பாடு இறங்காது. பதினாலு வயதுப் பெண், அம்மாவின் கட்டைவிரலைப் பிடித்துக்கொண்டால்தான் தூங்குவாள். விரலை உருவினால் விழித்துக்கொள்வாள் என்று பெரியவள் விடியும்வரை ஒரே பக்கம் படுத்துக் கிடப்பாள். தோள் பிடித்துக்கொண்டதென்று ஒருநாள் கீழே இறங்கி வந்து, "யார்கிட்டயும் சொல்லிடாதே, பொண்ணு மானம் போயிடும்," என்று சொல்லிவிட்டுத்தான் சொன்னாள். சின்னவள்தான் அன்று அந்தத் தோளுக்குத் தைலம் தேய்த்துவிட்டாள்.

அதே சின்னவள்தான் இப்போது முட்டைக்கடைக்காரர் சட்டையின் கைமடிப்பைத் திருப்பிப் போட்டபடி, "சாம்பியன் சாம்பியன்னு சொல்றீங்களே, சாம்பியன் தூங்கற கதை தெரியுமா?" என்று ஆரம்பித்தாள்.

வீட்டில் மட்டையைப் பற்றி யாரும் பேசவில்லை. கடைசியில் லாரியிலிருந்து அண்ணன் தம்பிக்குப் போன் செய்தார். சத்தமாகப் பேசுபவர், போனிலிருந்து குரல் வெளியே வழிந்தது.

"டேய், அந்தக் கூட்டத்துல அவங்க ரெண்டு பேரும் எந்தப் பக்கமும் காட்டவேணாம். மட்டைய மடில வச்சுட்டு உக்காந்துட்டு வரட்டும். ஊர் எப்படி முடிவு பண்ணுதோ அப்படி. வீட்டுக்குள்ள சண்டை வேணாம், என்ன?"

"சரிண்ணே."

போனை வைத்துவிட்டு மனைவியைப் பார்த்தான். "கேட்டுச்சுல்ல?"

"ரெண்டு தெருவுக்குக் கேட்டுச்சு."

"அண்ணிகிட்டயும் சொல்லிட்டாராம். அவங்க உடனே சரின்னுட்டாங்களாம்."

உடனே சரின்னுட்டாங்களாம்! சின்னவளுக்கு அதுவும் எரிந்தது. எதையும் யோசிக்காமல் சரியென்று சொல்ல ஒரு வசதி வேண்டும். அது பெரியவளுக்கு இருக்கிறது.

கூட்டம் பள்ளி மண்டபத்தில். ஒழுகிய கூரைக்குக் கீழே வைத்த வாளிகளைக்கூட இன்னும் எடுக்கவில்லை. பணம் எங்கே போயிற்று என்று கேட்பவர்கள் பார்த்துக்கொள்ளட்டும் என்று விட்டிருப்பார்கள்போல. வாசலில் கதவிலக்கம் சொல்லி மட்டை வாங்க வேண்டும். பெரியவள் வங்கியிலிருந்து நேராக வந்திருந்தாள். மட்டையை வாங்கியவள், உட்கார்ந்ததும் அதைச் சின்னவளின் மடியில் வைத்தாள்.

"நீயே வச்சுக்கோ சின்னவளே. நான் வச்சிருந்தா கை சும்மா இருக்காது," என்று சிரித்தாள்.

அவளுக்கு அந்தப்பக்கம் தவளை. சின்னவளுக்கு இந்தப்பக்கம் பீப்பி. பிள்ளைகள் இருவரும் அம்மாக்களின் முதுகுக்குப் பின்னால் கையை நீட்டி ஒருவரையொருவர் கிள்ளி விளையாடிக்கொண்டிருந்தார்கள்.

மருந்துக்கடைக்காரர் கூரைச் செலவைப் படித்தார். மாத்திரை எழுதிக்கொடுப்பதுபோல, காலையில் இவ்வளவு, மாலையில் இவ்வளவு என்கிற தோரணை. பிறகு யார் வேண்டுமானாலும் பேசலாம் என்றார். பல் டாக்டரம்மா முதலில் எழுந்தாள்.

"நீச்சல் உயிர் காக்கற விஷயம். தண்ணில விழுந்தா பொழைக்கத் தெரியணும். ஊதறதை அப்புறம் கத்துக்கலாம்."

"விழறதுக்கு இந்த ஊர்ல தண்ணி எங்கம்மா இருக்கு?" என்றது பின்வரிசை. "குழாய்லயே வரமாட்டேங்குது!"

மண்டபம் சிரித்தது. அந்தச் சிரிப்பு அடங்குமுன் முட்டைக்கடைக்காரர் எழுந்தார். மொடமொடவென்ற வெள்ளைச் சட்டை. அதன் காலரைப் பார்த்ததும் சின்னவளுக்கு அது தன் கைவேலை என்று தெரிந்தது.

"நம்ம வீட்ல வெந்நீர் போட நாம யோசிக்கறோம்," என்று தொடங்கினார். "ஒரு புள்ள மெடல் வாங்க, ஊரே சேர்ந்து வெந்நீர் காய்ச்சணுமா?"

கைதட்டல். சின்னவளுக்குக் காது சூடேறியது. தன் பேச்சை இன்னொருவர் வாயில் கேட்பது சுகமாகத்தான் இருந்தது. போதும், உட்காரட்டும் என்று நினைத்தாள். கைதட்டல் கிடைத்த மனிதர் எங்கே உட்காருவார்?

"அதுவும் எப்படிப்பட்ட சாம்பியன்? போட்டிக்கு முந்தின நாள் அம்மா கட்டைவிரலைப் பிடிச்சுக்கிட்டாத்தான் தூக்கம் வருமாம். விரலை உருவினா அழுகையாம். தொட்டில்ல போட்டு ஆட்டவேண்டிய புள்ளைக்கு எதுக்குங்க குளம்?"

மண்டபம் குலுங்கியது. மருந்துக்கடைக்காரர்கூட வாயைக் கையால் மூடிக்கொண்டார். முதுகுக்குப் பின்னால் விளையாடிக்கொண்டிருந்த கைகளில் ஒன்று சடக்கென்று விலகியது. தவளை குனிந்து தன் காலணியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். காது மடல் மட்டும் சிவந்து தெரிந்தது.

பெரியவள் முட்டைக்கடைக்காரரைப் பார்க்கவில்லை. மெதுவாகத் திரும்பிச் சின்னவளைப் பார்த்தாள். கோபம் இருந்திருந்தால் சின்னவள் பதிலுக்கு முறைத்திருப்பாள். கவுண்ட்டரில் கிழிந்த நோட்டைத் தூக்கிப் பிடித்து, இது செல்லுமா என்று பார்ப்பார்களே, அந்தப் பார்வை.

"அக்கா, நான் வந்து..."

"வாக்கெடுப்பு!" என்றார் மருந்துக்கடைக்காரர். "நீலமோ மஞ்சளோ, தலைக்கு மேலே தூக்கிக் காட்டுங்க."

மட்டைகள் எழுந்தன. சின்னவளின் கை மடியிலேயே ஒட்டிக்கொண்டுவிட்டது. தூக்கக்கூடாது என்பது பேச்சு, தூக்கவும் தெம்பில்லை. அப்போது பெரியவள் குனிந்து, மடியிலிருந்த மட்டையை எடுத்தாள். நீலம் தன் முகத்தைப் பார்க்க, மஞ்சள் மேடையைப் பார்க்க, எழுந்து நின்று தலைக்கு மேல் தூக்கிப் பிடித்தாள்.

சிரித்துக்கொண்டிருந்த மண்டபம் அப்படியே நின்றுவிட்டது. எல்லோருக்கும் அவள் யாருடைய அம்மா என்று தெரியும்.

"உனக்கு வேண்டியது இதானே," என்றாள் சின்னவளுக்கு மட்டும் கேட்கிற குரலில். "கேட்டிருந்தா குடுத்திருப்பேனே."

மஞ்சள் பெருவாரியாக ஜெயித்தது. அந்த ஒரு மட்டை இல்லாவிட்டாலும் ஜெயித்திருக்கும். ஆனால் மறுநாளிலிருந்து ஊர் பேசியது அந்த ஒரு மட்டையைத்தான். சலவைக்கடைக்குத் துணி கொண்டுவந்தவர்களெல்லாம் அதையும் சேர்த்துக் கொண்டுவந்தார்கள்.

"பெத்த பொண்ணுக்கு எதிரா தூக்கினாங்களே, என்ன மனசுங்க அது!"

"உங்க அக்கா மாதிரி பத்துப் பேர் இருந்தா ஊர் உருப்பட்டுடும்."

முட்டைக்கடைக்காரரே தலையைச் சொறிந்துகொண்டு, "அன்னைக்குக் கொஞ்சம் அதிகமாத்தான் பேசிட்டேன். அவங்களைப் பார்த்தா மன்னிப்பு கேட்டேன்னு சொல்லுங்க," என்றார். சின்னவள் அவர் சட்டையில் பொத்தானுக்குப் பக்கத்தில் வேண்டுமென்றே ஒரு சுருக்கத்தை விட்டுவைத்தாள். பிறகு மனசு கேட்காமல் அதையும் தேய்த்துவிட்டாள்.

ஜெயித்தது இவள். மாலை விழுந்தது அவள் கழுத்தில். தோற்பதைக்கூட அந்த மகராசி தோற்கிறவள்போலத் தோற்கமாட்டாள். சின்னவள் அன்று துணி மடித்துக்கொண்டே இதை எத்தனை முறை நினைத்தாளோ, அத்தனை முறையும் புதிதாக எரிந்தது.

வீட்டில் பீப்பி ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள்.

"அம்மா, கட்டைவிரல் கதைய நீதானே சொன்னே?"

"சாப்பிடு."

"நான் சொன்னேன்னு அவ நினைச்சுட்டிருக்காம்மா. என்கூடப் பேசமாட்டேங்கறா."

சின்னவள் எழுந்து மாடிக்குப் போகப் பத்துப் படி ஏறினாள். சுவரில் படங்களைக் காணோம். ஆணிகள் மட்டும் இருந்தன. கதவைத் தட்டினாள். தவளைதான் திறந்தாள்.

"பீப்பி இல்லடி. நான்தான் சொன்னேன்," என்றாள் சின்னவள்.

தவளை அவளைப் பார்த்துவிட்டு, "சரி சித்தி," என்று கதவைச் சாத்திக்கொண்டாள். இந்தக் குடும்பத்தில் எல்லோருக்கும் இந்தச் சரி எங்கிருந்துதான் வருகிறதோ. மறுநாள் பிள்ளைகள் பேசிக்கொண்டார்கள். பெரியவர்கள் பேசிக்கொள்ளவில்லை. தண்ணீர் மோட்டார் போடவா, நிறுத்தவா என்பதோடு சரி.

பேண்டு இலவசம், குளத்துக்குக் கட்டணம். குளத்தை விட்ட பிள்ளைகள் கூட்டம் கூட்டமாகப் பேண்டில் வந்து சேர்ந்தார்கள். பள்ளியில் இருந்த கிளாரினெட்டுகளோ பழைய அளவுதான். பீப்பி தன்னுடையதை இன்னொருத்தியோடு முறைவைத்து ஊதவேண்டியதாயிற்று. தவளை மட்டும் குளத்தை விடவில்லை. வங்கி முடிந்தபின் குளத்து நுழைவாயிலில் உட்கார்ந்து சீட்டுக் கொடுத்தால், ஊழியர் பிள்ளைக்குக் கட்டணம் கிடையாது என்று ஒரு விதி இருந்திருக்கிறது. பெரியவள் அதைத் தேடிப் பிடித்துவிட்டாள். இது சின்னவளுக்குத் தெரிந்தபோது சப்பென்று ஆகிவிட்டது. ஆனாலும் உள்ளுக்குள் ஒரு மூலையில், பெரியவள் இரண்டு வேலை பார்த்துக் களைத்துப்போவாள் என்ற எண்ணம் கொஞ்சம் ஆறுதலாக இருந்ததையும் அவளால் மறுக்க முடியவில்லை.

ஒரு சனிக்கிழமை, பிற்பகல். லாரிக்காரர் எதிர்பாராமல் ஊர் திரும்பினார். மாடி பூட்டியிருந்தது.

"சாவி உங்க அக்காகிட்ட இருக்கும்மா. வண்டிய நடுரோட்ல விட்டுட்டு வந்திருக்கேன். கொஞ்சம் ஓடிப்போய் வாங்கிட்டு வர்றியா?"

போகமாட்டேன் என்று எப்படிச் சொல்வது? போனாள்.

நுழைவாயில் மேசையில் யாரும் இல்லை. உள்ளே எட்டிப் பார்த்தாள். அவ்வளவு பெரிய குளம், காலியாகக் கிடந்தது. நடுவில் இரண்டே தலைகள். ஒன்று தவளை. இன்னொன்று, பெரியவள். மல்லாந்து படுத்திருந்தாள். மகளின் ஒரு கை முதுகுக்கு அடியில். "விடப்போறேன்மா," என்றாள் தவளை. "விடாதேடி, விடாதே," என்று அலறினாள் பெரியவள். தவளை விட்டுவிட்டாள். பெரியவள் மூழ்கவில்லை. அப்படியே கிடந்தாள், கண்ணை மூடிக்கொண்டு, காதுவரை தண்ணீரில், உலகத்தில் யாருக்கும் எந்தப் பதிலும் சொல்ல வேண்டாதவள்போல.

சின்னவளுக்குப் பதக்கத்தைப் பார்த்து எரிந்ததெல்லாம் இதற்கு முன்னால் ஒன்றுமே இல்லை. இவளுக்காகக் குளத்தையே காலி செய்து கொடுத்திருக்கிறேன், என் வாயாலேயே.

"சித்தி!" என்றாள் தவளை.

பெரியவள் தடுமாறி, தண்ணீர் குடித்து, இருமி, எழுந்து நின்றாள். இடுப்பளவுதான் ஆழம்.

"மாமா வந்திருக்காங்க. சாவி."

"பைல இருக்கு. மேசைக்குக் கீழ."

இவ்வளவுதான் என்று சின்னவள் திரும்பினாள். தவளைதான் விடவில்லை. "சித்தி, நீங்களும் வாங்களேன். அம்மாவே மிதக்கறாங்க."

"அவ வரமாட்டா," என்றாள் பெரியவள். குரல் காலிக் குளத்தில் முட்டி இரண்டாக வந்தது. "அவளுக்குத் தண்ணின்னா பயம். எண்ணெய் தேச்சுத் தலைக்கு ஊத்தறப்போ கண்ணை இறுக்கி மூடிக்கிட்டு, போதும் போதும்னு கத்துவா. எத்தனை தடவை நான் ஊத்தியிருக்கேன்!"

தவளை சிரித்தாள். வாயைப் பொத்திக்கொண்டு, பிறகு பொத்தாமல். பெரியவள் சிரிக்கவில்லை. சொன்னது சரியாகப் போய்ச் சேர்ந்ததா என்று பார்ப்பதுபோல நின்றாள்.

சேர்ந்தது. வாங்கிக்கொள்ளவேண்டியதுதான். சின்னவள் செருப்பைக் கழற்றினாள். இஸ்திரிக் கடை ஏப்ரனைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டு விளிம்பில் உட்கார்ந்து, கால்களை உள்ளே விட்டாள். விட்ட வேகத்தில் மூச்சு நின்றுவிட்டது. ஐஸ்.

"ஐயோ! என்னக்கா இப்படிக் குளிருது?"

"பின்னே?" என்றாள் பெரியவள். "வெந்நீர் வேணாம்னு ஊரே கை தட்டிச்சே."

சின்னவள் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். வெளியே எங்கோ லாரி ஹாரன் இரண்டுமுறை அடித்தது. பெரியவள் மூச்சை இழுத்துக்கொண்டு மறுபடி மல்லாந்தாள். இந்தமுறை முதுகுக்கடியில் யார் கையும் இல்லை. இந்தக் குளிரில் எப்படித்தான் இவளால் இப்படிக் கிடக்க முடிகிறதோ என்று சின்னவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. காலை மட்டும் அவள் வெளியே எடுக்கவில்லை.